காருக்குள் வீசும் பாகு வாசம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வெளிவந்த மழைக்கால வாகனப் பராமரிப்புக் குறிப்புகளில், காருக்குள் வாடை வீசினால் ஏசியைச் சுத்தம் செய்து கேபின் ஃபில்டரை மாற்றிவிட்டால் போதும் என்று ஒரு வரி இருந்தது. ஈரத்துணி மக்கியதுபோல வீசும் வாடைக்கு அது சரியான வைத்தியம்தான். ஏசியின் கூலிங் காயிலில் பூஞ்சை படிவதால் வருவது அது. ஆனால் வெல்லப்பாகு காய்ச்சும் இடத்தில் எழுவதுபோன்ற இனிப்பு கலந்த வாடை காருக்குள் வருமானால், அதன் மூலம் பெரும்பாலும் ஏசியில் இருப்பதில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எங்கோ கசிகிறது என்பதே அதன் பொருள். இந்த வேறுபாடு தெரியாமல் நான்கு மாதங்களையும் இரண்டு பட்டறைகளின் கூலியையும் இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டில் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். கடந்த ஆனி மாதத்தில் பண்ருட்டியிலிருந்து இரண்டு பலாப்பழங்களைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு நெல்லிக்குப்பம் வழியாக மஞ்சக்குப்பம் வந்து சேர்ந்தோம். இரண்டொரு நாள் கழித்து, வண்டிக்குள் பாகு வாசம் அடிக்கிறது என்று என் துணைவியார் சொன்னபோது, பழியைப் பலாவின் மேல் போட்டேன். பலா தீர்ந்தது, இருக்கை உறைகளும் துவைக்கப்பட்டன, வாசம் மட்டும் போகவில்லை. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைப் பக்கம் அடிக்கடி போய்வருவதால் ஆலைப்பாகின் வாடை வண்டியில் ஏறிவிட்டதோ என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். கடலூர்க்காரர்களாகிய நமக்கு மூக்கில் எது ஏறினாலும் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் கையைக் காட்டிவிடும் வழக்கமும் உண்டு அல்லவா! வீட்டு வாசலில், கண்ணாடிகளை ஏற்றி நிறுத்தியிருந்த காரின் கதவைத் திறந்தாலும் அதே வாசம் வந்தது என்பதை அப்போது நான் எண்ணிப்பார்க்கவில்லை.

முதலில் சென்ற பட்டறையில் ஏசியைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, வாசனைத் திரவியம் ஒன்றையும் டேஷ்போர்டில் ஒட்டி அனுப்பினார்கள். பத்து நாட்களில் திரவியமும் பாகும் சேர்ந்து முன்னைவிட மோசமான ஒரு கலவையாகிவிட்டது. இரண்டாவது பட்டறைக்குச் சென்றபோது முன் இடப்பக்க இருக்கையின் காலடியில் கார்பெட் ஈரமாக இருந்தது. ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, காற்றடித்து அடைப்பை எடுத்துவிட்டதாகக் கூறினார்கள். அது அபத்தமான ஊகமன்று. அந்தக் குழாய் அடைத்தால் அதே இடம்தான் நனையும். ஆனால் கார்பெட்டில் இருந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தவர் அங்கே எவரும் இல்லை, நான் உட்பட. ரிசர்வ் டேங்க்கில் கூலன்ட் குறைந்திருந்ததைக் கண்டு, அது ஏன் குறைந்தது என்று கேட்காமலே தண்ணீர் ஊற்றி நிரப்பியும் அனுப்பினார்கள். வாடையும் ஈரமும் அளவுக் குறைவும் ஒரே பில்லில் மூன்று தனித்தனி வரிகளாக இருந்தன. அவற்றைச் சேர்த்துப் படித்திருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும்.

ஐப்பசி மழைதான் உண்மையைக் காட்டியது. புதுவையில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து மாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். தவளக்குப்பம் தாண்டியதும் மழை வலுத்தது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு மங்கல் படிந்து, எதிரே வரும் வண்டிகளின் விளக்கொளியைச் சிதறடித்தது. துணியால் துடைத்தால் எண்ணெய் தடவியதுபோல் இழுபட்டதே தவிர நீங்கவில்லை. கண்ணாடிக்குக் காற்று வரும்படி திருப்பி, வெப்பம் கூட்டும் குமிழையும் சூடான பக்கம் முழுவதும் திருப்பினேன். இத்தனை ஆண்டுகளில் அந்தக் குமிழை அந்தப் பக்கம் நான் திருப்பியது அதுவே முதல்முறையாக இருக்கலாம். அரை நிமிடத்துக்குள் கண்ணாடி முழுவதும் வெண்புகை படிந்து சாலையே மறைந்துவிட்டது. கிருமாம்பாக்கத்துக்கு முன்பாக ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, பக்கக் கண்ணாடிகளை இறக்கி, மழையில் நனைந்தபடியே உட்கார்ந்திருந்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான். அழுத்தமும் கொதிநிலையும் பற்றி ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய எனக்கு, சூடான நீராவி குளிர்ந்த கண்ணாடியில் படிவது எதனால் என்பது அந்த மழையில்தான் உறைத்தது.

இந்த இடத்தில், நம் ஊர்க் கார்களில் இருந்தும் இல்லாததுபோல் கிடக்கும் ஓர் உறுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால், கைக்கு எட்டாத இடத்தில், ஹீட்டர் கோர் என்ற ஒரு சிறு ரேடியேட்டர் இருக்கிறது. ஹீட்டர் காயில் என்றும் பட்டறையில் சொல்வார்கள். எஞ்சினிலிருந்து இரண்டு ரப்பர் ஹோஸ்கள், எஞ்சின் பகுதியையும் நாம் உட்காரும் பகுதியையும் பிரிக்கும் தடுப்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, சூடான கூலன்ட்டை அதனுள் செலுத்தித் திரும்ப எடுத்துச் செல்கின்றன. குளிர்ப் பிரதேசத்தில் காருக்குள் வெதுவெதுப்பான காற்று வருவது இதன் வழியாகத்தான். கடலூரில் ஹீட்டர் எதற்கு என்று நாம் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் பல கார்களில், நாம் குமிழைக் குளிர்ந்த பக்கம் வைத்திருந்தாலும், கூலன்ட் அதனுள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. குமிழ் செய்வதெல்லாம் ஒரு சிறு தட்டியை அசைத்து, காற்று அதன் மேல் படாமல் திருப்பிவிடுவது மட்டுமே. ஆகவே, ஒரு நாளும் ஹீட்டர் போடாத காரிலும் ஹீட்டர் கோர் அரிக்கும், ஓட்டை விழும், கசியும். எங்கள் காரில் நடந்தது அதுதான். அதை இரண்டு பட்டறைகள் கவனிக்காததற்கும் அதே மறதிதான் காரணம் என்று நினைக்கிறேன். திறமைக் குறைவு என்று சொல்ல மாட்டேன்.

கண்டுபிடித்தவர் மகள் வீட்டுக்கு அருகில் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி இது: "சார், வெளிக்காத்து வர்ற மாதிரி வெச்சா வாடை கூடுதா, உள்காத்தே சுத்துற மாதிரி வெச்சா கூடுதா?" நான் கவனித்ததில்லை. இருபது ரூபாய்கூடச் செலவில்லாத இந்தச் சோதனையை எந்த வாசகரும் செய்து பார்க்கலாம். முன்கண்ணாடியின் அடியில், வைப்பர்களுக்குக் கீழே உள்ள சல்லடை வழியாகத்தான் காருக்குள் வெளிக்காற்று நுழைகிறது. எஞ்சின் பகுதியில் ஏதாவது ஹோஸோ, கிளிப்போ, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியோ, வாட்டர் பம்ப்போ கசிந்து, சூடான உலோகத்தில் பட்டு ஆவியானால், அந்த ஆவியைச் சல்லடை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியானால் வெளிக்காற்று நிலையில் வாடை கூடும், உள்காற்று நிலையில் குறையும். ஹீட்டர் கோரே கசிந்தால் நேர்மாறு: உள்காற்று சுழலச் சுழல வாடை கனத்துக்கொண்டே போகும். இந்த ஒரு கேள்வியே தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

அடுத்து அவர் கார்பெட்டின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தார். ஏசித் தண்ணீர் நிறமற்றது, வாடையற்றது, காகிதத்தில் சிறிது நேரத்தில் சுவடில்லாமல் உலர்ந்துவிடும். கூலன்ட் பட்ட காகிதமோ வெளிர்பச்சையோ இளஞ்சிவப்போ காட்டும், விரல்களுக்கு நடுவே வழுக்கும், எளிதில் உலராது. அதில் கலந்துள்ள எத்திலீன் கிளைக்கால் சுமார் 197 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும் என்பதால் அது ஆவியாகிப் போக நாளாகும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். முன்கண்ணாடியில் துடைக்கத் துடைக்க இழுபட்ட எண்ணெய்ப் படலமும் இதுவேதான். வாய்வைத்துச் சுவை பார்த்து உறுதிசெய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு அறிகுறிகள் இருந்தும் அவர் டேஷ்போர்டில் கை வைக்கவில்லை. இதைத்தான் நான் இக்கடிதத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ப்ரெஷர் டெஸ்டர் என்ற கைப் பம்ப்பைப் பொருத்தினார். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அதனுள் ஒரு ஸ்பிரிங்கும் வால்வும் உள்ளன. பல மூடிகளின் தலையில் 0.9 அல்லது 1.1 என்ற எண் பொறிக்கப்பட்டிருப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். காற்று மண்டல அழுத்தத்துக்கு மேல் எத்தனை பார் அழுத்தம்வரை மூடி தாங்கிப் பிடிக்கும் என்பதே அந்த எண். அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும் என்பதால், திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் 1.1 பார் மூடியின் கீழ் ஏறத்தாழ 120 டிகிரியைத் தாண்டும்வரை கொதிக்காது. சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விலகி, உள்ளிருக்கும் நீர் அக்கணமே கொதித்து முகத்தில் பீறிடுவதும் இதனால்தான்.

பெரியவர் மூடியில் இருந்த எண்ணளவுக்கே பம்ப்பை அடித்து நிறுத்தி, கால் மணி நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் மெதுவாக இறங்கியது. எஞ்சின் பகுதியில் எங்கும் ஈரமில்லை. பிறகு உள்ளே போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் கழற்றி, வளைந்த ஒரு குழாய்த் துண்டால் ஒன்றோடொன்று இணைத்து, ஹீட்டர் கோரைச் சுற்றோட்டத்திலிருந்து விலக்கிவிட்டு மறுபடியும் பம்ப் அடித்தார். இம்முறை முள் அசையாமல் நின்றது. "இப்ப தைரியமா பிரிக்கலாம் சார்" என்றார். விலக்கிய பிறகும் முள் இறங்கியிருந்தால், எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாக எஞ்சினுக்குள்ளேயே கசிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்திருக்கும். அதற்கு சைலன்சரில் நிற்காத வெண்புகை, ரிசர்வ் டேங்க்கில் குமிழி, ஆயில் பாலாக வெளுத்தல் முதலிய தனி அடையாளங்கள் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஆனது. எளிய கருவி அது. அதை வைத்திருக்காத, அல்லது வைத்திருந்தும் எடுக்காத பட்டறை, ஊகத்தின் பேரில் டேஷ்போர்டைப் பிரிக்கச் சொன்னால் வாடிக்கையாளர் சம்மதிக்கக் கூடாது.

ஏனெனில் பிரிப்பது சாதாரண வேலையன்று. ஸ்டீயரிங்கிலும் டேஷ்போர்டிலும் காற்றுப்பை உள்ள கார்களில் முதலில் பேட்டரியைத் துண்டிக்க வேண்டும். பல கார்களில் ஹீட்டர் கோரும் கூலிங் காயிலும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், ஏசியில் உள்ள குளிரூட்டும் வாயுவையும் முறையாக இறக்கி, வேலை முடிந்தபின் மறுபடி ஏற்ற வேண்டும். எங்களுக்கு இரண்டு முழு நாட்கள் பிடித்தன. உதிரிப்பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகம். அதில் வியப்பில்லை, வருத்தமும் இல்லை. ஹீட்டர் கோருடன் ஹோஸ்களையும், இணைப்பிலுள்ள ஓ-ரிங்குகளையும், கிளிப்புகளையும் அப்போதே மாற்றிவிடச் சொன்னார். இன்னொரு முறை அவ்வளவையும் பிரிக்க யாருக்கும் மனம் வராது என்பதால் நான் மறுக்கவில்லை. கூலன்ட் நிரப்பும்போது வெப்பக் குமிழைச் சூடான பக்கம் வைத்து, ஃபேன் சுற்றி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே அகப்பட்ட காற்றை வெளியேற்றினார். கிளம்பும்போது டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கும் ஓசை கேட்டால் காற்று இன்னும் இருக்கிறது என்று பொருளாம். கார்பெட்டையும் அதன் அடியிலிருந்த பஞ்சுப் படுகையையும் முழுவதும் வெளியே எடுத்துக் கழுவி வெயிலில் போட்டோம். அதைச் செய்யாமல் விட்டால், கசிவு நின்ற பிறகும் வாடை மாதக்கணக்கில் நிற்கும், பழுது சரியாகவில்லை என்ற வீண் சந்தேகமும் வரும்.

இணைத்த குழாயை அப்படியே விட்டு ஹீட்டர் இல்லாமல் ஓட்டினால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். உதிரிப்பாகம் வரும்வரை பத்து நாட்கள் அப்படித்தான் ஓட்டினோம், வாடை உடனே நின்றது. நம் ஊர் மழைக்கு ஏசியே காற்றின் ஈரத்தைப் பிழிந்து கண்ணாடியைத் தெளிய வைத்துவிடும். ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ போகும்போதுதான் ஹீட்டர் இல்லாத குறை தெரியும். பழைய காருக்கு அது தற்காலிக ஏற்பாடாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கசிவை அடைக்கும் என்று விற்கப்படும் பொடிகளையும் திரவங்களையும் ரேடியேட்டரில் ஊற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஓட்டையை அடைக்கும் அதே துகள், மெல்லிய நல்ல குழாய்களையும் அடைத்துவிடக்கூடியது.

கழற்றிய பழைய ஹீட்டர் கோரைப் பெரியவர் என் கையில் கொடுத்தார். அலுமினியக் குழாய்களின் முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார். பல ஆண்டுகளாகக் கூலன்ட் குறையும்போதெல்லாம் வீட்டுப் போர் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. உறைபனி இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு, தண்ணீர் போதாதா என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை மட்டுமே. உலோகம் அரிக்காமல் காப்பதும், கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்துவதும் நமக்கு அதைவிட முக்கியமான வேலைகள். கடலோர ஊர்களின் போர் தண்ணீரில் உள்ள குளோரைடு உப்புகள் அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரித்துத் துளையிடுகின்றன. கடினநீரின் சுண்ணாம்போ குழாய்க்குள் அடையாகப் படிகிறது. தேவனாம்பட்டினத்திலிருந்து வீராம்பட்டினம்வரை கடலையொட்டி வாழும் கார் உரிமையாளர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. கூலன்ட்டை டிஸ்டில்ட் வாட்டரில் மட்டுமே கலக்க வேண்டும். கலந்தே விற்கப்படும் கூலன்ட்டில் எதையும் சேர்க்கக் கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தைப் பார்த்து வகையை முடிவுசெய்யவும் கூடாது, ஏனெனில் நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. கார் கையேட்டில் எழுதியுள்ள வகையும் மாற்ற வேண்டிய கால அளவுமே கணக்கு. ஞாயிறுதோறும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, ரிசர்வ் டேங்க்கின் அளவுக் கோட்டைப் பார்க்கும் பழக்கம் இப்போது எனக்கு வந்திருக்கிறது. மூடிய சுற்றோட்டம் அது. அளவு அடிக்கடி குறைந்தால் எங்கோ போகிறது என்றுதான் அர்த்தம்.

சுவை பார்க்க வேண்டாம் என்று சொன்னதற்கான காரணம் இதுதான். எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, விஷமானது. காருக்குள் ஆவியாக வரும்போது கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி போன்றவற்றைத் தரலாம். வயிற்றுக்குள் போனால் உடல் அதை ஆக்சாலிக் அமிலமாக மாற்றுகிறது, அதன் உப்பு சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்து உயிருக்கே ஆபத்தாகிறது. குழந்தைகள் குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரம் முக்கியம். இனிப்பு என்பதால் தெருநாய்களும் அதை நக்கும். அப்படியிருந்தும், வடித்த கூலன்ட்டைப் பழைய குடிநீர் பாட்டிலில் பிடித்து வைப்பதையும், பட்டறை வாசல் சாக்கடையில் ஊற்றுவதையும் இரு ஊர்களிலும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் காரிலிருந்து வடித்த நான்கு லிட்டருக்கும் சற்றுக் கூடுதலான பழைய கூலன்ட், தடித்த கேன் ஒன்றில், சிவப்பு மையால் "விஷம்" என்று எழுதப்பட்டு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. பழைய எஞ்சின் ஆயிலை வாங்கிக்கொள்ள ஆள் வருகிறார்கள். இதைக் கேட்டு இதுவரை எவரும் வரவில்லை. கடலூரிலும் புதுவையிலும் தனியார் ஒருவர் இத்தகைய கழிவை எங்கே, எவரிடம் ஒப்படைக்கலாம் என்பதைத் தங்கள் நிருபர் விசாரித்து நாளிதழில் வெளியிட்டால், அந்தக் கேனை இறக்கிக்கொண்டு முதல் ஆளாக நான் போய் நிற்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.